கணவாய் வழியே வந்த ஸ்டீரியோ

சீசனுக்குக் குற்றாலம் வருகிற பட்டணத்து நண்பர்கள் நம்ம வீட்டுக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போறது வழக்கம். முன்னெல்லாம் மாட்டைப் பார்ப்பாங்க, வயலைப் பார்ப்பாங்க, இளநீர் குடிச்சிட்டுக் கிளம்புவாங்க. இப்போ ரெண்டு மூணு வருஷமா இன்னொரு விசாரணையும் சேர்ந்திருக்கு. "அண்ணாச்சி, உங்க ஊர்ப் பக்கம் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் எங்கேயாவது கிடைக்குமா? மரான்ட்ஸ், சான்சுயி, பயனியர்... பரண்ல கிடந்தாலும் பரவாயில்ல."

கேள்வி நியாயமானதுதான். இந்தப் பக்கம் பழைய செட்டு இருக்கத்தான் செய்யுது. ஆனா அது எப்படி இங்கே வந்துச்சு, யாரு அதை இத்தனை வருஷம் உயிரோட வச்சிருந்தாங்க, ஏன் அதுல நெறைய பழைய இரும்புக் கடைக்குப் போச்சுங்கிறது தெரியாம வாங்கினா, அது ஷோகேஸ் பொம்மையாத்தான் இருக்கும். அதனால விலையைப் பேசுறதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு பேசிருவோம்.

மடையும் குளமும்

ஆம்ப்ளிஃபயர்னா சத்தத்தைப் பெருசாக்குற பெட்டினு சொல்லிருவோம். உள்ளே நடக்கிறது ஒரு சம்சாரிக்கு நல்லாவே புரியும். இசைத்தட்டுல ஓடுற மேக்னெட்டிக் ஊசியிலிருந்து வர்ற மின்சாரம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். அந்த மின்சாரத்தையே இழுத்து நீட்டிப் பெருசாக்க முடியாது. மடைப் பலகையை ஏத்தி இறக்குற கை எவ்வளவு சின்னது, மடை வழியாப் பாயுற தண்ணி எவ்வளவு பெருசு! அந்தக் கதைதான் இங்கேயும். ஊசியிலிருந்து வர்ற அசைவு மடையை ஏத்தி இறக்குது. பாயுற தண்ணி வீட்டுக் கரண்டிலிருந்து வருது.

அந்த மடை முதல்ல வால்வாக இருந்தது, பிறகு டிரான்சிஸ்டர் ஆச்சு. கரண்டை வாங்கித் தேக்கி வைக்கிற டிரான்ஸ்ஃபார்மரும் பெரிய கண்டென்சர்களும்தான் குளம். குளம் சின்னதா இருந்தா, மடையை எவ்வளவுதான் திறந்தாலும் தவில் அடி விழுற இடத்துல தண்ணி வத்திரும். சத்தம் கிழியும். பழைய செட்டைத் தூக்கினா கை வலிக்குதே, அந்தக் கனத்துல பெரும்பங்கு இந்தக் குளத்தோட கனம்தான். இதை மட்டும் மனசுல வச்சுக்கிடுங்க. பின்னாடி வாங்குற இடத்துல உதவும்.

ரேடியோவுக்குப் பின்னால் ரெண்டு ஓட்டை

புளியறை தமிழ்நாட்டோட எல்லை ஊர். எங்க செக்போஸ்டைத் தாண்டி மேலே ஏறினா கோட்டைவாசல், ஆரியங்காவு, அப்புறம் மலையிறங்கினா புனலூர். 1956 நவம்பர் 1-ந் தேதிதான் செங்கோட்டைப் பகுதி சென்னை மாநிலத்தோட சேர்ந்தது. அதுவரை நாங்க திருவிதாங்கூர் ஆட்கள். அதனால எங்க தாத்தா காலத்துல வானொலின்னா திருவனந்தபுரம்தான். திருவிதாங்கூர் அரசு அந்த நிலையத்தை 1943-ல் தொடங்கியது. 1950-ல் அது அகில இந்திய வானொலியோட சேர்ந்தது. திருநெல்வேலி நிலையம் வந்தது 1963-ல். இதுக்கெல்லாம் நடுவுல சினிமாப் பாட்டுக்கு இலங்கை வானொலி. அதைச் சொல்லாம நம்ம பக்கத்துக் காது வரலாறு கிடையாது.

அந்தக் காலத்துல வீட்டில் ஆம்ப்ளிஃபயர்னு தனியா ஒரு சாமான் இருந்ததில்லை. வால்வு ரேடியோவுக்குள்ளேயே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் இருக்கும். பல ரேடியோக்களில் பின்பக்கம் 'கிராம்' என்று எழுதி ரெண்டு ஓட்டை விட்டிருப்பாங்க. ரெக்கார்ட் பிளேயர் வயரை அதுல செருகினா ரேடியோவே பாட்டுப்பெட்டி ஆயிரும். வசதியான வீட்டில் ரெண்டையும் ஒரே மரப்பெட்டியில் அடக்கின ரேடியோகிராம் இருக்கும். பெட்டி மேல பூப்போட்ட துணி. துணி மேல பூ ஜாடி.

தனி ஆம்ப்ளிஃபயரை ஊர் பார்த்தது கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும்தான். வாடகை ரேடியோ செட். தென்னை மர உச்சியில குழாய் ஸ்பீக்கர், கீழே பந்தலோரம் பெஞ்சு மேல ஆம்ப்ளிஃபயர். பேர்ப் பலகையில அஹுஜா, இல்லைன்னா சிகாகோ ரேடியோ. சிகாகோன்னு பேரைப் பார்த்து அமெரிக்கக் கம்பெனினு நினைச்சிறாதீங்க. அது மோட்வானே குடும்பத்தாரோட இந்தியக் கம்பெனி. சுதந்திரப் போராட்ட காலத்து காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வச்சவங்க. அஹுஜா 1940-ல் தொடங்கின டெல்லிக் கம்பெனி.

இந்த வாடகை செட்டுக்காரங்கதான் எங்க பக்கத்து முதல் மெக்கானிக்குகள். ராத்திரி ரெண்டு மணிக்கு வில்லுப்பாட்டு நடுவுல செட்டு படுத்துக்கிட்டா, கம்பெனிக்கு எழுதிப் போட்டுட்டு உட்கார முடியுமா? ஊரே திரும்பிப் பார்க்கும். அங்கேயே டார்ச் வெளிச்சத்துல பெட்டியைத் திறந்து வால்வை மாத்தி, பத்தவச்சு, பாட வச்சாகணும். படிச்சு வந்த தொழில் கிடையாது. ஏச்சுக்குப் பயந்து வந்த தொழில்.

உலகத்திலும் வீட்டு ஆம்ப்ளிஃபயர் வரலாறு கொஞ்சம் இதே மாதிரிதான் வளர்ந்திருக்கு. 1947-ல் வில்லியம்சன் என்கிற பிரிட்டிஷ் என்ஜினியர் 'வயர்லெஸ் வேர்ல்டு' பத்திரிகையில ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரோட சர்க்யூட்டை முழுசா வெளியிட்டார். எந்த வால்வு, எந்த ரெசிஸ்டர், டிரான்ஸ்ஃபார்மரை எப்படிச் சுத்தணும், எல்லாம் இருந்தது. அதைப் பார்த்துப் பல நாட்டுல வீட்டு மேஜை மேல ஆட்கள் செஞ்சாங்க. நல்ல சத்தம் என்கிறது கடையில வாங்குற சாமானா ஆகுறதுக்கு முன்னாடி கையால செய்யுற சாமானா இருந்த காலம் அது.

ரெண்டு காதுக்கு ரெண்டு மடை

ஸ்டீரியோங்கிற யோசனை ரொம்பப் பழசு. இங்கிலாந்தில் இ.எம்.ஐ. கம்பெனியில இருந்த ஆலன் புளூம்லைன் 1931 டிசம்பரிலேயே அதுக்குக் காப்புரிமை கேட்டு எழுதிட்டார். ஒரே பள்ளத்தோட ரெண்டு சுவரிலும் ரெண்டு ஒலியைப் பதியலாம்னு அதுல சொல்லியிருந்தார். ஆனா ஸ்டீரியோ எல்பி தட்டு கடைக்கு வர 1957, 58 ஆயிருச்சு. நம்ம தமிழ் சினிமாப் பாட்டு ஸ்டீரியோவுக்கு வந்தது அதுக்கும் இருபது வருஷம் கழிச்சு. 1978-ல் வந்த 'ப்ரியா' படத்துக்கு இளையராஜா இசையமைச்ச பாட்டுகளைத்தான் ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படப் பாட்டுகள்னு பரவலாகச் சொல்லுவாங்க.

ஸ்டீரியோன்னா ஒரு பெட்டிக்குள்ள ரெண்டு ஆம்ப்ளிஃபயர். இடது காதுக்கு ஒண்ணு, வலது காதுக்கு ஒண்ணு. அப்போ செலவும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அந்த நேரத்துல நம்ம நாட்டுல வெளிநாட்டு எலக்ட்ரானிக் சாமான் இறக்க லைசென்ஸ் வேணும், வரியும் தாங்காது. பெங்களூரில் 1954-ல் தொடங்கின பாரத் எலக்ட்ரானிக்ஸ், ராணுவத்துக்குச் செஞ்சது போக, ரேடியோவுக்கு வேண்டிய வால்வும் டிரான்சிஸ்டரும் செஞ்சு தந்தது. 1970-ல் கல்கத்தாவில் சோனோடைன் தொடங்கினாங்க. காஸ்மிக் மாதிரியான பேருகளும் வந்துச்சு. அதெல்லாம் மெட்ராஸ், பம்பாய் வீட்டு ஹாலுக்குப் போச்சு. எங்க பக்கத்துக்கு வந்தது 'அசெம்பிள் செட்டு'.

அசெம்பிள் செட்டுன்னா யாரும் முகம் சுளிக்காதீங்க. அதுக்கும் ஒரு வம்சாவளி உண்டு. மெட்ராஸ் ரிச்சி தெருவில் பார்ட்ஸ் வாங்கி, கொல்லம் மெயில்ல போட்டு, தென்காசி, செங்கோட்டை ஸ்டேஷன்ல இறக்குவாங்க. சர்க்யூட்டுக்கு 'எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' பத்திரிகை. 1969-லிருந்து வர்ற இங்கிலீஷ் பத்திரிகை. எங்க மெக்கானிக்குகள் எழுத்தை விட்டுட்டுப் படத்தை மட்டும் படிப்பாங்க. சர்க்யூட் படத்துக்கு எந்த பாஷையும் வேண்டாமே.

இதுக்கெல்லாம் நடுநாயகம் 2என்3055 என்கிற பவர் டிரான்சிஸ்டர். அமெரிக்க ஆர்சிஏ கம்பெனி 1960-களின் தொடக்கத்தில் கொண்டு வந்தது. ரெண்டு பக்கம் காது வச்ச உலோகத் தட்டு, நடுவுல வட்டத் தொப்பி. முரட்டு உயிர். சூடானாலும், வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் சீக்கிரம் சாகாது. உலகம் முழுக்கப் பல கம்பெனிகள் அதே நம்பர்ல செஞ்சதால விலையும் குறைஞ்சு, எங்கேயும் கிடைச்சது. எங்க ஊர்ல லைட்டு மங்கினா 'பம்புசெட்டு ஓடுது'னு அர்த்தம். அந்தக் கரண்டுல தாக்குப்பிடிக்கணும்னா இந்த மாதிரி ஜென்மம்தான் சரி.

நம்ம வீட்டு மரப்பெட்டியும் அந்த வம்சம்தான். பிசான நெல் வித்த காசுல எங்க அப்பா செஞ்சு வாங்கினது. செங்கோட்டையில் ஒரு ரேடியோ அண்ணாச்சி செஞ்சு குடுத்தார். பலா மரப்பெட்டி, ஆசாரி கைவேலை. உள்ளே நாலு 3055. மூடியைத் திருப்பிப் பார்த்தா பென்சில்ல எழுதியிருக்கும்: 1983, சித்திரை, டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை ஆம்பியர், எந்த வயர் எங்கே போகுது. கீழே ரெண்டு மூணு ரிப்பேர் தேதி. அண்ணாச்சி செய்யுற எல்லா செட்டிலும் இப்படி எழுதி வைப்பார். "நாளைக்கு நான் இல்லாட்டாலும் திறக்கிறவன் திணறக் கூடாதுல்லா தம்பி" என்பார்.

மலை தாண்டி வந்த ஜப்பான்

ரிச்சி தெரு கிழக்கிலிருந்து வந்த வழி. இன்னொரு வழி மேற்கிலிருந்து வந்தது. 1973-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறி, வளைகுடா நாடுகளில் வேலை பெருகினப்போ கேரளத்திலிருந்து ஆள் போனாங்க. எங்க பக்கத்திலிருந்தும் போனாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு லீவுக்கு வர்றவங்க கையில நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன் இருக்கும். கொஞ்சம் பெரிய சம்பளக்காரர்னா சான்சுயி, அகாய், பயனியர், டெக்னிக்ஸ் ஆம்ப்ளிஃபயரோட ஸ்பீக்கரும் வரும். பம்பாய் வழியாகவும், பிறகு திருவனந்தபுரம் வழியாகவும் இறங்கி, கொல்லம், புனலூர்னு வந்து, மீட்டர் கேஜ் ரயில்ல கணவாய் ஏறி வந்த சாமான்கள் அவை. 1904-ல் போட்ட அந்தப் பாதை மிளகும் தேயிலையும் போக வரத்தான். பின்னாடி அதுல ஜப்பான் ஸ்டீரியோவும் ஏறும்னு போட்டவங்க நினைச்சிருக்க மாட்டாங்க.

ஒவ்வொரு பெட்டியும் ஒரு ஆளோட ரெண்டு வருஷ வெயில். அதனால்தான் சுங்கவரி ரசீதைக்கூட பிளாஸ்டிக் கவர்ல போட்டு பீரோவுல வச்சிருந்தாங்க. இன்னைக்கு அதை 'வின்டேஜ்'னு ஒரே சொல்லுல சொல்லிட்டுப் போறோம்.

அந்த ஜப்பான் செட்டு ஏன் அவ்வளவு நல்லா இருந்துச்சுன்னா, அது ஒரு போட்டிக் காலம். யார் அதிக வாட்ஸ் தர்றதுன்னு அமெரிக்கச் சந்தையில் கம்பெனிகளுக்குள்ள சண்டை. இஷ்டத்துக்குப் பொய்க் கணக்கு எழுதினதால, 1974-ல் அங்கே மத்திய வர்த்தக ஆணையம் ஒரு விதி போட்டது. ரெண்டு சேனலும் ஒரே நேரத்தில் ஓடணும், முதல்ல மூணுல ஒரு பங்கு சக்தியில ஒரு மணி நேரம் ஓட விட்டுச் சூடாக்கணும், அதுக்கப்புறம் அளந்து வர்ற வாட்ஸைத்தான் எழுதணும். இதுல தேறணும்னா பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வேணும், பெரிய அலுமினிய ஹீட்சிங்க் வேணும். குளத்தை வெட்டாம தப்பிக்க முடியாது. 1978-ல் வந்த பயனியர் எஸ்எக்ஸ்-1980 சேனலுக்கு 270 வாட்ஸ், கனம் சுமார் 35 கிலோ. அதே வருஷம் என்ஏடி 3020-னு ஒண்ணு வந்தது. சேனலுக்கு வெறும் 20 வாட்ஸ். பளபளப்பு கிடையாது. ஆனா குளமும் மடையும் கணக்காக வெட்டியிருந்ததால, அதுக்கு இன்னைக்கும் ஆள் தேடுறாங்க. வாட்ஸ் நம்பரை மட்டும் பார்த்து வாங்குறவங்க இந்த ரெண்டையும் பக்கத்துல வச்சு யோசிக்கணும்.

குளம் தூர்ந்த கதை

1980-களில் எல்லாம் ஐசிக்குள்ள போச்சு. அது ஒண்ணும் குத்தமில்லை. சான்யோவோட எல்ஏ4440-ங்கிற ஐசி வந்தப்போ, நம்ம நாட்டு மெக்கானிக்குகளுக்கு அது வரமாவே இருந்துச்சு. '4440 போர்டு'னு இன்னைக்கும் கடையில கேட்டா எடுத்துக் குடுப்பாங்க. ஏழை வீட்டுக்கும் ஆட்டோவுக்கும் பாட்டு வந்தது அதனால்தான்.

கெடுத்தது பிஎம்பிஓ கணக்கு. கண் இமைக்கிற நேரத்துக்கு, எவ்வளவு கிழிஞ்ச சத்தமா இருந்தாலும் சரி, அதிகபட்சம் எவ்வளவு வரும்னு ஒரு கற்பனை நம்பர். அதுக்கு அளவும் கிடையாது, விதியும் கிடையாது. கையில தூக்கிட்டுப் போற பிளாஸ்டிக் செட்டுல 'ஆயிரம் வாட்ஸ்'னு ஒட்டினாங்க. 1991-க்குப் பிறகு இறக்குமதிக் கதவு திறந்து, எல்லாக் கடையிலும் இது குவிஞ்சது. ஆயிரம் வாட்ஸ் புதுசா இருக்கும்போது முப்பது வாட்ஸ் மரப்பெட்டியை யார் மதிப்பாங்க?

அப்போதான் பழைய இரும்பு வியாபாரி தெருவுக்கு வந்தார். அவர் மேலயும் குத்தம் சொல்ல முடியாது. அவர் கண்ணுக்கு ஆம்ப்ளிஃபயர்னா டிரான்ஸ்ஃபார்மர் செம்பு, ஹீட்சிங்க் அலுமினியம், மிச்சம் தகரம். தராசுல வச்சா கனமான நல்ல செட்டுக்குத்தான் அதிகக் காசு. யோசிச்சுப் பாருங்க, எந்தக் குணத்தால அது நல்ல செட்டோ, அதே குணத்தாலதான் அது முதல்ல உடைபட்டது. செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர்ப் பக்கம் வளைகுடாவிலிருந்து வந்த எத்தனையோ பெட்டிகள் இப்படிக் கிலோ கணக்கில் போச்சு. மெட்ராஸ்ல பழைய தட்டும் கிராமபோனும் வித்த மூர் மார்க்கெட் 1985 மே மாசம் தீயில போச்சு. எங்க பக்கம் தீ தேவைப்படல, தராசே போதுமானதா இருந்துச்சு.

அப்படியும் தப்பிச்சதுன்னு சில செட்டு இருக்குல்லா, அதையெல்லாம் விசாரிச்சுப் பார்த்தா ஒரு பொது விஷயம் தெரியுது. அந்த வீட்டுக்குப் பக்கத்துல, சைக்கிள்ல தூக்கிட்டுப் போற தூரத்துல, ஒரு மெக்கானிக் இருந்திருக்கார். பேரு பெரிய பேரா சின்னப் பேரானு பார்த்துச் செட்டு பிழைக்கல. திறந்து சரிபண்ண ஆள் இருந்தா பிழைச்சது. ரிப்பேர் ஆகி ஆறு மாசம் மூலையில கிடந்த செட்டுதான் தராசுக்குப் போச்சு.

வாங்கப் போறவங்களுக்கு

இப்போ நீங்க கேட்ட கேள்விக்கு வர்றேன். எங்க பக்கமோ வேற எங்கேயோ பழைய செட்டு வாங்கினா, அண்ணாச்சி எனக்குச் சொல்லிக் குடுத்ததையும் நான் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டதையும் சொல்லுதேன்.

முதல்ல பின்பக்கத்தைப் பாருங்க. வோல்டேஜ் எவ்வளவுன்னு எழுதியிருக்கும். ஜப்பான் வீடுகளுக்குச் செஞ்ச செட்டு 100 வோல்ட், அமெரிக்கச் செட்டு 120. அதை நம்ம 230-ல நேரா சொருகினா ஒரு நொடியில புகை. வளைகுடாவிலிருந்து வந்த பல செட்டுகளில் வோல்டேஜ் மாத்துற திருகு இருக்கும். சவுதியில் ரொம்ப காலம் வீட்டுக் கரண்டு 127 வோல்ட். அதனால திருகு அங்கேயே நிக்குதானு பார்க்காம பிளக்கைத் தொடாதீங்க.

ரெண்டாவது, விக்கிறவர் "போட்டுக் காட்டுதேன்"னு சொன்னாலும் நேரடியாப் போட விடாதீங்க. வருஷக்கணக்கா படுத்திருந்த செட்டை சீரிஸ் பல்பு வழியாத்தான் எழுப்பணும். 60 அல்லது 100 வாட்ஸ் குண்டு பல்பை கரண்டு வயர்ல வரிசையா இணைச்சிட்டுப் போடணும். பல்பு பளிச்சுனு எரிஞ்சு உடனே மங்கினா குளம் நிறைஞ்சிருக்குனு அர்த்தம், பயமில்லை. மங்காம நின்னு எரிஞ்சா உள்ளே ஷார்ட் இருக்கு. பல்பு தாங்கிக்கிட்டதால செட்டு பிழைச்சது.

மூணாவது, ஸ்பீக்கரை மாட்டுறதுக்கு முன்னாடி ஸ்பீக்கர் முனையில மல்டிமீட்டர் வச்சு டிசி வோல்டேஜ் பாருங்க. பாட்டு எதுவும் ஓடாதப்போ 50 மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது. வோல்ட் கணக்கில் காட்டினா, மாட்டின ஸ்பீக்கர் காயில் கருகிரும்.

அப்புறம் வெளியே தெரியுறவை. வால்யூமைத் திருப்பினா கரகரன்னு வர்றது பெரும்பாலும் தூசிதான், கிளீனர் அடிச்சா போயிரும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் கம்மின்னா விசாரிக்கணும். எந்தப் பாட்டும் இல்லாம 'ம்ம்ம்'னு முனகினா, குளத்துக் கண்டென்சர் காய்ஞ்சிருக்கும். நாற்பது வருஷ கண்டென்சர் காய்றது இயற்கை, மாத்திக்கலாம். எங்க பக்கத்துச் செட்டுன்னா மூடியைக் கழட்டிப் பார்க்கிறது கட்டாயம். சாரல் ஈரத்துல போர்டு பச்சை பூத்திருக்கும். பல்லி முட்டை இருக்கும், எறும்புப் புத்துகூட இருக்கும். மூடியைக் கழட்டுறதுக்கு முன்னாடி பிளக்கை எடுத்துட்டு நல்லா நேரம் விடுங்க. கரண்டை எடுத்த பிறகும் பெரிய கண்டென்சர்ல சார்ஜ் நிக்கும். வால்வு செட்டுன்னா உள்ளே முந்நூறு வோல்ட்டுக்கு மேலேயும் இருக்கலாம். தெரியாதவங்க கை வைக்கவே வேண்டாம்.

டிரான்சிஸ்டர் மாத்தியிருந்தா என்ன நம்பர், எங்கே வாங்கினதுன்னு கேளுங்க. பழைய நம்பர்ல போலி நிறைய ஓடுது. 3055-லேயே போலி உண்டு. தொப்பி மட்டும் பெருசா இருக்கும், உள்ளே சில்லு சின்னது. அசலா இருந்தா வேற கம்பெனி டிரான்சிஸ்டர் போட்டிருக்கிறது குறையே கிடையாது.

இசைத்தட்டு கேட்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம்ம நாட்டுப் பழைய செட்டு பலதுலயும் தட்டுக்கான ஓட்டை, அந்தக் காலத்து செராமிக் ஊசிக்காகச் செஞ்சது. இப்போ வர்ற மேக்னெட்டிக் ஊசியை அதுல மாட்டினா சத்தம் கிணத்துக்குள்ளேயிருந்து வர்ற மாதிரி இருக்கும். செட்டு கெட்டுப்போச்சுன்னு நினைக்க வேண்டாம். நடுவுல ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப் வச்சா சரியாயிரும்.

வாட்ஸ் பத்தி கவலையே படாதீங்க. 20 வாட்ஸுக்கும் 40 வாட்ஸுக்கும் காதுக்குத் தெரியுற வித்தியாசம் கொஞ்சம்தான். சத்தம் ரெண்டு மடங்குனு காது ஒத்துக்கணும்னா வாட்ஸ் பத்து மடங்கு வேணும். உங்க அபார்ட்மெண்ட் ஹாலுக்கு இருபது வாட்ஸ் நல்ல செட்டு தாராளம். பக்கத்து வீட்டுக்காரர் நல்லவரா இருக்கணும், அவ்வளவுதான்.

விலையில ஒரு பங்கு

விலை எவ்வளவுன்னு கேட்டா நான் ஒரு நம்பரும் சொல்ல மாட்டேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுதேன். செட்டுக்குக் குடுக்கிற காசை மட்டும் கணக்குப் போடாதீங்க. அதைத் திறந்து பார்த்து, காய்ஞ்சதை மாத்தி, சூடு பார்த்து, ரெண்டு சேனலையும் சமமாக்குறதுக்கு ஒரு மெக்கானிக்குக்கு ரெண்டு மூணு நாள் வேலை இருக்கு. அந்தக் கூலியையும் சேர்த்துத்தான் செட்டோட விலை. மரான்ட்ஸுக்கு ஆயிரக்கணக்கில் பேரம் இல்லாம குடுக்கிறவங்க, மெக்கானிக் ஐந்நூறு கேட்டா "என்ன, ஒரு கண்டென்சர்தானே"னு சொல்றதைப் பார்த்திருக்கேன். கண்டென்சர் அஞ்சு ரூபா இருக்கலாம். எந்தக் கண்டென்சர்ங்கிறதுக்குத்தான் மிச்சக் காசு.

எங்க ரேடியோ அண்ணாச்சிக்கு எழுபத்தஞ்சு வயசு தாண்டியாச்சு. கண் புரை ஆப்பரேஷன் ஆனதிலிருந்து சின்ன வேலைக்கு உட்காருறதில்லை. கடையை செல்போன் ரீசார்ஜ் கடைக்கு வாடகைக்கு விட்டுட்டார். மகன் கேரளாவுக்கு லாரி ஓட்டுறான். "அவனுக்குத் தெரியாதுன்னு வருத்தமா அண்ணாச்சி?"னு கேட்டேன். "அவன் வண்டியில எது கெட்டாலும் அவனே பார்த்துக்கிடுதான்லே. அது போதும். பெட்டிக்குத்தான் ஆள் இல்ல" என்றார். தென்காசிப் பக்கம் இந்த வேலை முழுசாத் தெரிஞ்சவங்களை எண்ணினா என் ஒரு கை விரல் போதும். செட்டுக்கு இப்போ கிராக்கி ஏறியிருக்கு. அதைப் பாட வைக்கிற கைக்கு இன்னும் ஏறல. இது இப்படியே போனா இன்னும் பத்து வருஷத்துல கையில அழகான பெட்டி இருக்கும், பாடாது. மறுபடியும் தராசுதான்.

அதனால என்கிட்ட கேட்கிற நண்பர்களுக்கு நான் முதல்ல ஒரு மெக்கானிக்கைத் தேடிக்கச் சொல்லுதேன், அப்புறம்தான் செட்டு. உங்க தெருவிலேயே டிவி ரிப்பேர் பார்த்தவர் ஒருத்தர் சும்மா உட்கார்ந்திருப்பார். போய்ப் பேசுங்க. அவர் வேலை பார்க்கும்போது பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்காருங்க. வீட்டுல படிக்கிற பிள்ளை இருந்தா அவனையோ அவளையோ கூட்டிட்டுப் போங்க. எந்தப் பார்ட்ஸ் மாத்தினார், என்ன அளவுன்னு கேட்டு எழுதிக்கிடுங்க. அந்தக் காகிதத்தைத் தொலைச்சிருவீங்க, எனக்குத் தெரியும். அதனால மூடியை மூடுறதுக்கு முன்னாடி ஒரு பென்சிலை வாங்கி, உள்பக்கத்துல தேதியும், மாத்தின சாமானும், மெக்கானிக் பேரும் எழுதச் சொல்லுங்க. பேனா வேண்டாம், சூட்டுல மங்கிரும்னு அண்ணாச்சி சொல்லுவார். நம்ம வீட்டு மூடியில 1983-ல எழுதின பென்சில் இன்னைக்கும் அப்படியே படிக்கக் கிடைக்குது.